குடியேறியவரின் வாக்கு: சியாட்டிலும் கும்மிடிப்பூண்டியும்

அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்கள் அரசியலில் நுழையும்போது பெரும்பாலும் டெமாக்ரடிக், ரிபப்ளிகன் என்னும் இரு பெருங்கட்சிகளில் ஒன்றின் வாயில் வழியாகவே நுழைகின்றனர். இரண்டையும் முதலாளிகளின் கட்சிகள் என்று வெளிப்படையாகச் சாடிக்கொண்டே ஒரு பெருநகரின் மன்றத்தில் பத்தாண்டுகள் அமர்ந்திருந்த க்ஷமா சாவந்த் அந்த வழக்கத்துக்கு அரிய விலக்கு ஆவார். 1973இல் புனே நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மும்பையில் வளர்ந்து கணினியியல் படித்த இவர் (சாவந்த் என்பது மணவழி வந்த மராத்தியப் பெயர்), அமெரிக்கா சென்றபின் மென்பொருள் வேலையை விட்டு, வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆய்வு மேற்கொண்டார். 2006இல் சியாட்டில் நகருக்குக் குடிபெயர்ந்து, 2010இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். டிராட்ஸ்கியின் வழிவந்த சிறு அமைப்பான ‘சோசலிஸ்ட் ஆல்டர்னேடிவ்’ இவருடைய அரசியல் வீடாகவும், பெருநிறுவன ஆதிக்கத்தை எதிர்த்து 2011இல் பொதுவிடங்களில் கூடாரமடித்துத் தங்கிய ‘ஆக்குபை’ போராட்டம் இவரை நகரத்துக்கு அறிமுகப்படுத்திய மேடையாகவும் அமைந்தன.

சியாட்டில் அமைந்துள்ள வாஷிங்டன் மாநிலமும் அமெரிக்காவும் இந்தியரை முன்பெல்லாம் இப்படி வரவேற்றதில்லை. 1907 செப்டம்பரில் பெல்லிங்ஹாம் நகரில் மரஅறுப்பு ஆலைகளில் வேலை செய்த பஞ்சாபித் தொழிலாளர்களை வெள்ளையரின் கும்பல் ஒன்று அடித்து விரட்டியதும், 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத்சிங் திண்ட் வழக்கில் இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றோர் என்று தீர்ப்பளித்ததும், 1946ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அத்தடை நீடித்ததும் இங்கு நினைக்கத்தக்கவை. 2010இல் ஒரு பெண் குடியுரிமை உறுதிமொழி எடுத்து, மூன்றே ஆண்டுகளில் மன்றத் தேர்தலில் வென்றார் என்றால் அதற்குப் பின்னால் இந்நெடிய சட்ட வரலாறு இருக்கிறது.

2012இல் மாநிலப் பேரவைத் தேர்தலில் நின்று தோற்ற சாவந்த், 2013இல் பதினாறு ஆண்டுகள் உறுப்பினராக இருந்த ரிச்சர்ட் கான்லினை மூவாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் வீழ்த்தினார். நகரமன்றத் தேர்தலின் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் அச்சிடப்படுவதில்லை என்பதும், முதற்கட்ட வாக்கெடுப்பில் முன்னிற்கும் இருவர் மட்டுமே இறுதிச் சுற்றுக்குச் செல்வர் என்பதும் பெருங்கட்சி நிழலில் நில்லாதவருக்கு வாய்ப்பான விதிகள். வென்றபின், ஏறத்தாழ 1,17,000 டாலர் ஆண்டு ஊதியத்தில் 40,000 டாலர் மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதைப் போராட்ட நிதிக்கு அளிப்பதாக அறிவித்து, அதைக் கடைசிவரை கொள்கையாகவே கடைப்பிடித்தார்.

இவருடைய பெயரோடு பிணைந்துவிட்ட சாதனை மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம். 2014இல் மாநில அளவிலான குறைந்தபட்ச ஊதியம் 9.32 டாலராகவும், ஒன்றிய அரசின் அளவு 7.25 டாலராகவும் இருந்தன. அண்டை நகரான சீடாக் 2013 நவம்பரில் பொதுவாக்கெடுப்பு மூலம் 15 டாலரை ஏற்றிருந்தது. சியாட்டிலில் மேயர் எட் மரே முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் அடங்கிய குழுவொன்றை அமைத்தார். குழுவுக்குள்ளும் உறுப்பினராக இருந்துகொண்டு, வெளியே பொதுவாக்கெடுப்புக்குக் கையொப்பம் திரட்டும் இயக்கத்தையும் நடத்தி, பேரம் படியாவிட்டால் தெருவில் முடிவாகும் என்ற அச்சத்தைச் சாவந்த் உயிரோடு வைத்திருந்தார். 2014 ஜூன் 2 அன்று மன்றம் ஒருமனதாகச் சட்டத்தை நிறைவேற்றியபோது, சிறு நிறுவனங்களுக்கு ஏழாண்டு வரை அவகாசம் தந்த படிநிலை ஏற்பாட்டை அவர் எதிர்த்துப் பேசினார் என்றாலும் வாக்கை ஆதரவாகவே அளித்தார். வெற்றி ஒருவருடையது அன்று. சங்கங்களும் மேயரும் சீடாக்கின் விமானநிலையத் தொழிலாளரும் இல்லாமல் அது நடந்திராது. ஆனால் உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையுமாக ஒரே ஆள் இயங்கியது அவ்வாண்டின் தனித்தன்மை. பிற்காலத்தில் இரண்டாவது கைக்கே அவர் அதிக வேலை கொடுத்தார் என்ற சக உறுப்பினர்களின் குறையில் உண்மை இல்லாமலில்லை.

அதன்பின் வந்த மோதல்கள் கடுமையாயின. பெருநிறுவனங்கள் ஊழியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 275 டாலர் வீதம் செலுத்தவேண்டிய தலைவரியை 2018 மே மாதம் 9க்கு 0 என்று நிறைவேற்றிய மன்றம், அமேசான் உள்ளிட்ட நிறுவனங்களின் நெருக்குதலால் ஒரே மாதத்தில் 7க்கு 2 என்று அதைக் கைவிட்டது. நிலைமாறாத இருவரில் சாவந்த் ஒருவர். 2019 மன்றத் தேர்தலில் அமேசான் வணிகர் சங்கத்தின் பிரசார நிதிக்குச் சுமார் 15 லட்சம் டாலர் கொட்டியும், முதல்நாள் எண்ணிக்கையில் பின்தங்கியிருந்த சாவந்த் தாமதமாக எண்ணப்பட்ட வாக்குகளால் வென்றார். 2020இல் போராட்டக்காரர்களுக்கு நகரமன்றக் கட்டடத்தைத் திறந்துவிட்டது, மன்ற வளங்களைப் பெருநிறுவன வரி கோரும் இயக்கத்துக்குப் பயன்படுத்தியது முதலிய குற்றச்சாட்டுகளின் பேரில், பதவிக்காலம் முடியுமுன் உறுப்பினரை வாக்காளரே நீக்கும் ‘திரும்ப அழைத்தல்’ வாக்கெடுப்பு 2021 டிசம்பரில் நடந்தபோது, 310 வாக்குகளில் தப்பினார்.

சாவந்தின் அரசியல் வாழ்க்கையைத் திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்பகுதியிலிருந்து பார்க்கும்போது வேறொரு செய்தி துலங்குகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்கு ஆலைகளிலும் வார்ப்பகங்களிலும், தமிழ்நாடு அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான அதே சிப்காட் உருவாக்கிய தேர்வாய்கண்டிகை வளாகத்திலும், திருவள்ளூர் நகரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையிலும் உழைப்போரில் கணிசமானவர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து கான்ட்ராக்டர்கள் மூலம் வந்தவர்கள். இந்தியச் சட்டப்படி, வழக்கமாக வசிக்கும் ஊரில் வாக்காளராகப் பதிவுசெய்துகொள்ள அவர்களுக்குத் தடையில்லை; ஆனால் கான்ட்ராக்டரின் கொட்டகையில் படுத்தெழும் ஒருவரிடம் வாடகை ஒப்பந்தமோ, மின்கட்டண ரசீதோ இருப்பதில்லை, அவர் பெயர் சொந்த ஊரிலுள்ள பட்டியலிலேயே தங்கிவிடுகிறது. எனவே அவர் வேலைசெய்யும் ஊரின் பேரூராட்சி உறுப்பினருக்கு அவர் ஒரு வாக்காகத் தென்படுவதில்லை. தென்பட்டாலும் என்ன செய்ய இயலும் என்பது அடுத்த வினா: குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிப்பது மாநில அரசு, தொழில்வளாகத்தை ஆள்வது சிப்காட், மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம் பெறும் பேரூராட்சி உறுப்பினருக்குக் குடிநீர், தெருவிளக்கு, குப்பை ஆகியவற்றுக்கு அப்பால் கைநீட்ட இடமில்லை. தேர்வாய்கண்டிகையில் மேய்ச்சல் நிலம் தொழில்வளாகமாவதை எதிர்த்த தலித் மக்கள், அங்கு ஆலை அமைத்த மிஷலின் நிறுவனத்தின் தாயகமான பிரான்சில் 2012இல் பன்னாட்டு நிறுவனங்களுக்கான நெறிமுறைகளின் கீழ் முறையீடு எழும்படி செய்ய நேர்ந்தது, உள்ளூர் மன்றம் எவ்வளவு வலுவற்றது என்பதற்குப் போதிய சான்று.

இதே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாமும் உள்ளது. அகதி முகாம் என்ற பெயர் 2021இல் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டதே தவிர, 1983க்குப் பின் கடல்கடந்து வந்தவர்களுக்கும் இங்கேயே பிறந்து இங்கேயே தமிழ்வழியில் படித்து ஆலைகளிலும் வண்ணப்பூச்சு வேலையிலும் சேர்ந்த அவர்தம் பிள்ளைகளுக்கும் குடியுரிமை பொதுவாகக் கிட்டவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தோர் பிறப்பால் குடிமக்கள் என்ற விதியால் மிகச் சிலருக்கே வழி திறக்கிறது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு வழிவகுத்த 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. அச்சட்டத்தைத் திரும்பப்பெறக் கோரி 2020 பிப்ரவரி 3 அன்று சியாட்டில் மன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சாவந்த். தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில்தான் அத்தகைய தீர்மானத்தை நிறைவேற்றியது. இரண்டும் டெல்லியைக் கட்டுப்படுத்தாத தீர்மானங்களே. இருப்பினும், ஒன்று வாக்குரிமை பெற்ற குடியேறியவர் ஒருவரின் முயற்சி. மற்றொன்று வாக்கில்லாத முகாம்வாசிகளுக்காகப் பிறர் பேசியது.

குடியேறியோர் ஏந்திவரும் சுமைகளில் சாதியும் உண்டு என்பதை மன்றத்தில் சாவந்த் இறுதியாக எழுப்பினார். 2023 பிப்ரவரி 21 அன்று 6க்கு 1 என்ற வாக்கில், வேலைவாய்ப்பிலும் வீட்டு வாடகையிலும் பொதுச்சேவைகளிலும் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாகச் சியாட்டில் ஆனது. தாம் பிராமணக் குடும்பத்தில் வளர்ந்தவர் என்பதை அவர் மறைக்கவில்லை. அம்பேத்கரிய அமைப்புகள் பல்லாண்டுகள் செய்த உழைப்பின் பலன் அது என்பதும் மறக்கத்தக்கதன்று. அமெரிக்க இந்து அமைப்புகள் சில, தம் சமூகத்தைத் தனித்துக் குறிவைக்கும் சட்டம் என்று எதிர்த்தன. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய இத்தகைய மசோதாவை ஆளுநர் நியூசம் மறுதலித்தார் என்பதை நோக்க, நகரமன்றம் என்ற சிறு அலகில் சாத்தியமானது மாநில அளவில் சாத்தியமாகவில்லை என்பது தெரிகிறது.

2023 தேர்தலில் போட்டியிடாமல் விலகிய சாவந்த், ‘ஒர்க்கர்ஸ் ஸ்ட்ரைக் பேக்’ என்ற இயக்கத்தை நடத்திவருகிறார். 2025இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைக்கு, நெடுங்கால உறுப்பினரான டெமாக்ரட் ஆடம் ஸ்மித்தை எதிர்த்துப் போட்டியிடுவதாக அறிவித்தார். அமெரிக்கக் குடியுரிமை ஏற்றவர் இந்தியக் குடியுரிமையை இழப்பர் என்பதால், பெங்களூரில் நோயுற்றிருந்த தாயைப் பார்க்க அவருக்கு விசா தேவைப்பட்டது. அது மறுக்கப்பட்டதற்கு 2020ஆம் ஆண்டுத் தீர்மானமே காரணம் என்று கூறி, 2025 பிப்ரவரியில் சியாட்டிலிலுள்ள இந்தியத் துணைத்தூதரகத்தில் தம் தோழர்களோடு அவர் போராட்டம் நடத்தினார்.