நாமம் செவியில் விழ வேண்டும்

பக்தி நெறிகள் ஒன்பதைப் பிரகலாதன் தன் தந்தையிடம் அடுக்கிச் சொல்லும்போது முதலாவதாகச் சொல்வது சிரவணம். பகவானுடைய நாமத்தையும் புகழையும் காதாரக் கேட்டல். முதுமையில் மற்ற எதுவும் இயலாமற்போனாலும் இது ஒன்றேனும் எஞ்சியிருக்கும் என்று நானும் என் மனைவியும் நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கை ஆட்டம் கண்ட கதையையும், மீண்ட கதையையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டுகளாக ஒரு வழக்கம். காலையில் பூஜைக்கு விளக்கேற்றியதும், எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் விஷ்ணு சஹஸ்ரநாமம் ஒலிக்கும். என் மனைவி மணையில் அமர்ந்து, கண்களை மூடி, கூடவே சொல்லுவாள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகன் தரையில் நிற்கும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை வாங்கிக் கொடுத்தான். ஒவ்வொன்றும் இரண்டரை அடி உயரம். கூடத்தில் இடம் அடைக்கக் கூடாதென்று, இரண்டையும் இரு மூலைகளில் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டேன்.

சென்ற ஆண்டு அவளுக்கு முழங்கால் வலி அதிகமாயிற்று. தரையில் அமர்தல் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாற்காலிக்கு மாறினாள். அதன்பின் சில வாரங்களிலேயே அவள் கூடச் சொல்வது நின்றுபோயிற்று. பாராயணம் பாதியில் இருக்கும்போதே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். காரணம் கேட்டேன்.

"சத்தம் கேட்கிறது. நாமம் கேட்கவில்லை" என்றாள்.

நான் ஒலியைக் கூட்டினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவளுக்குத் தலைவலிதான் வந்தது. காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். வயதுக்கேற்ற குறைவு சிறிது உண்டு, இப்போதைக்குக் கருவி தேவையில்லை என்றார் அவர். ஒருநாள் இரவு அவள், "பெருமாள் என் காதை எடுத்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு உறக்கம் வரவில்லை.

எங்கள் தெருக்கோயிலில் மார்கழிதோறும் மைக் செட் கட்டுபவர் ஒருவர் உண்டு. ஒரு மாலை சந்நிதியில் அவரைக் கண்டபோது மனக்குறையைச் சொன்னேன். மறுநாளே வீட்டுக்கு வந்தார். பாராயணத்தை ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கரின் எதிரே ஒரு குட்டை முக்காலியைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். ஒவ்வொரு நாமமும் தெளிவாக விழுந்தது. பிறகு என் மனைவியின் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அதே பாட்டு, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிற்று.

"ஐயா, தடித்த ஒலி நாலாபக்கமும் பரவும். மூலையிலே வெச்சா தரையும் சுவரும் சேர்ந்து அதைப் பெருக்கிடும். சன்னமான ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி, நேராத்தான் போகும். அது மேலே இருக்கிற இந்தச் சின்ன ட்வீட்டர்லேருந்து வருது. அம்மா கீழே உட்கார்ந்தப்போ அது காதுக்கு நேரா இருந்தது. இப்போ காது மேலே போயிடுச்சு" என்றார்.

எழுத்துகளை வேறுபடுத்திக் காட்டும் ச, ஷ, ஸ, த போன்ற மெய்யொலிகளின் கூர்மை அந்தச் சன்னமான ஒலியில்தான் இருக்கிறதாம். முதுமை நம் செவியிலிருந்து முதலில் குறைப்பதும் அதையேதான். நான் ஒலியைக் கூட்டியபோதெல்லாம் முழக்கம் பெருகி, எஞ்சிய தெளிவையும் மூடியிருக்கிறது.

நாற்காலியில் அமர்ந்த நிலையில் அவள் காதின் உயரத்தை அளந்தோம். தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றேகால் அடி. ட்வீட்டரோ இரண்டேகால் அடியில் இருந்தது. ஓர் அடி உயர்த்த வேண்டும். தச்சரிடம் சொல்லி, அகன்று கனத்த இரண்டு மரப்பீடங்கள் செய்வித்தேன். பேரக்குழந்தைகள் ஓடிவந்து மோதினாலும் சாயக் கூடாதல்லவா? உயரம் இரண்டங்குலம் குறைந்தது. அப்போது என் மனைவியே பரண்மேல் இருந்த இரண்டு மணைகளை எடுக்கச் சொன்னாள். எங்கள் திருமணத்தின்போது என் மாமனார் செய்து கொடுத்தவை அவை. "இனி நாம் இரண்டு பேரும் இவற்றில் உட்காரப் போவதில்லை. நாமமாவது உட்காரட்டும்" என்றாள்.

பீடத்தின்மேல் மணை, மணையின்மேல் நழுவாதிருக்க ரப்பர் வட்டுகள், அவற்றின்மேல் ஸ்பீக்கர். மூலையிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தி, முகம் இரண்டும் அவள் நாற்காலியை நோக்குமாறு சிறிது திருப்பி வைத்தோம். ஒலியை முன்பிருந்ததில் பாதியாகக் குறைத்தேன்.

மறுநாட்காலை நான் அவளைப் பார்க்காததுபோல் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. ஓரிரு இடங்களில் பிசகிற்று. பிடித்துக்கொண்டு மீண்டும் தொடர்ந்தது. பலசுருதி வரை அவள் எழுந்திருக்கவில்லை.

அவளுடைய செவிக் குறைவு நீங்கிவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். தொலைபேசியில் பேரன் பேசுவதை இன்றும் இருமுறை கேட்கத்தான் செய்கிறாள். ஆனால் குறையில் பாதி அவள் காதில் இல்லை. நான் மூலையில் நிறுத்திவைத்த பெட்டியில் இருந்தது. அதை அறியாமல், அவளுக்கு வயதாகிவிட்டதென்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேனே என்பதுதான் என் வருத்தம்.

அன்பர்கள் இல்லத்திலும் ஒருவர் பாராயணத்தின் நடுவே மெல்ல எழுந்து போகிறார் என்றால், ஒலியைக் கூட்டுமுன் அவர் அமரும் இடத்தில் ஒருமுறை அமர்ந்து கேட்டுப் பாருங்கள்.