ஒரகடத்தில் ஒரு அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி

டிசைன் பேட்டர்ன் பாடத்தில் மாணவர்கள் அதிகம் முழிக்கும் இடம் அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி. ஒரு வரி வரையறை, பக்கத்தில் ஒரு யு.எம்.எல். படம், ஜன்னல், பட்டன், ஸ்க்ரோல்பார் என்று ஓர் உதாரணம். பரீட்சைக்கு இது போதும். இன்டர்வியூவில் "அதான் ஃபேக்டரி மெத்தட் இருக்கே, இது எதுக்கு?" என்று கேட்டுவிட்டால் போச்சு!

எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடஸ் ஆகிய நால்வர் எழுதி 1994-ல் வந்த புத்தகத்தில் உள்ள 23 பேட்டர்ன்களில் இதுவும் ஒன்று. அவர்கள் காட்டிய உதாரணம் மோட்டிஃப், பிரசென்டேஷன் மேனேஜர் என்ற அந்தக் காலத்துத் திரைகள். இன்று படிப்பவர்களில் யார் அதையெல்லாம் பார்த்திருக்கிறார்கள்? உதாரணத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரகடம் வந்தால் நிஜ ஃபேக்டரியே இருக்கிறது.

2010-ல் ரெனோ-நிசான் கூட்டணியின் கார் ஆலை ஒரகடத்தில் திறந்தது. முதலில் வந்தது நிசான் மைக்ரா. 2012-ல் ரெனோ பல்ஸ். இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ரெண்டும் ஒரே கார்தான்! கிரில், பம்பர், லோகோ என்று மேலோட்டமான சில மாற்றங்கள், அவ்வளவே. அதே போல நிசான் சன்னிக்கு ரெனோ ஸ்காலா, ரெனோ டஸ்டருக்கு 2013-ல் நிசான் டெரானோ. ஹேட்ச்பேக், செடான், எஸ்.யு.வி. என மூன்று வகை, ஒவ்வொன்றிலும் இரண்டு பிராண்ட். கட்டம் போட்டு எழுதினால் அப்படியே பாடப்புத்தகப் படம்.

ஆனால் "ஒரே காருக்கு இரண்டு பெயர்" என்பதோடு நிறுத்தினால் விஷயம் பாதிதான் புரியும். லைனில் நிற்கும் ஒரு தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிசான், அடுத்து ஒரு ரெனோ, மறுபடி நிசான் என்று கலந்து வருவதாக வைத்துக்கொள்வோம். கிரில் மாட்டுபவரும் யோசிக்க வேண்டும், பம்பர் மாட்டுபவரும் யோசிக்க வேண்டும், ஸ்டீயரிங் மாட்டுபவரும் யோசிக்க வேண்டும். நைட் ஷிப்டில் யாராவது ஒருவர் அசந்தால் வெளியே நிசான் கிரில், உள்ளே ரெனோ ஸ்டீயரிங்! கோடில் இருபது இடத்தில் "இஃப் நிசான்... எல்ஸ் ரெனோ" என்று எழுதி வைப்பதும் இதேதான்.

கார் ஆலைகளில் இதற்கு 'கிட்டிங்' என்று ஒரு வழி உண்டு. ஒரு காருக்கு வேண்டிய பாகங்களை முன்கூட்டியே ஒரே ட்ராலியில் அடுக்கி, அந்தக் காருக்கென்று அனுப்பிவிடுவார்கள். மாட்டுபவர் ட்ராலியில் இருப்பதை எடுத்து மாட்டினால் போதும். எந்த பிராண்ட் என்ற முடிவு ட்ராலி அடுக்கும்போதே முடிந்துவிட்டது. (அடுக்குபவர் தப்பு செய்தால்? செய்யலாம்தான். ஆனால் தேட வேண்டிய இடம் ஒன்றுதான்.) வேடிக்கை என்னவென்றால், நால்வர் புத்தகத்தில் அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரிக்கு இன்னொரு பெயரும் கொடுத்திருக்கிறார்கள். 'கிட்'!

கோடுக்கு வருவோம். பாகஃபேக்டரி என்று ஓர் இன்டர்ஃபேஸ். அதில் கிரில்கொடு(), பம்பர்கொடு(), ஸ்டீயரிங்கொடு() என்று மூன்று மெத்தட். நிசான்ஃபேக்டரி, ரெனோஃபேக்டரி என்ற இரண்டு கிளாஸ்களும் அதை இம்ப்ளிமென்ட் செய்கின்றன. லைன் என்ற கிளாஸுக்கு கன்ஸ்ட்ரக்டரில் ஏதாவது ஒரு ஃபேக்டரியைக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அதனுள்ளே ஓர் 'இஃப்' கூடத் தேவையில்லை. இன்டர்வியூ கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. ஃபேக்டரி மெத்தட், ஒரு பொருளை எந்த கிளாஸ் உருவாக்குவது என்பதைப் பார்த்துக்கொள்கிறது. இது, சேர்ந்து இருக்க வேண்டிய பொருட்கள் ஜோடி மாறாமல் பார்த்துக்கொள்கிறது.

புதிதாக ஒரு பிராண்ட் வந்தால்? வந்ததே! 2013-ல் நிசான் எவாலியாவை ஒட்டி அசோக் லேலண்ட் ஸ்டைல் வந்தது, அதுவும் இதே ஆலையில். இந்த பேட்டர்னில் அது சுலபம். ஒரு கிளாஸ் கூடும், லைனில் கை வைக்க வேண்டாம்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பாகங்களை விட்டுவிட்டு கார் வகைகளையே மெத்தடாக எழுதிப் பாருங்கள். அசோக் லேலண்ட் ஃபேக்டரியிடம் செடான்கொடு() என்று கேட்டால் என்ன தரும்? நல்லா, எக்ஸெப்ஷனா? 2015-ல் ரெனோ லாட்ஜி வந்தது, அதற்கு நிசான் பெயரில் ஜோடியே வரவில்லை. அந்த ஒரு காருக்காக இன்டர்ஃபேஸில் ஒரு மெத்தட் சேர்த்தால், எல்லா ஃபேக்டரி கிளாஸையும் திறந்து திருத்த வேண்டும். குடும்பம் கூடலாம், வகை கூடினால் வலி. ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் ஒரே ஒரு டேட்டாபேஸை வைத்துக்கொண்டு, கெத்துக்காக இந்த பேட்டர்னைப் போடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஒரே குடும்பம் இருக்கும் வீட்டுக்கு எதற்கு இத்தனை வாசல்?

இன்னொன்று. லைனுக்கு பிராண்ட் தெரியாமல் இருப்பது நல்லது, வாங்குபவருக்கு அப்படி இல்லை. லோகோவை மூடினால் ஒன்றாகத் தெரியும் கார்கள் ஷோரூமில் எடுபடவில்லை. பல்ஸும் ஸ்காலாவும் டஸ்டர் அளவுக்குப் பேர் வாங்காமலேயே போய்விட்டன. 2020-ல் வந்த நிசான் மேக்னைட்டும் 2021-ல் வந்த ரெனோ கைகரும் அடியில் ஒரே பிளாட்ஃபார்ம்தான், ஆனால் மேலே பாடி வேறு வேறு.

2025-ல் ஒரகடம் ஆலையில் நிசானுக்கு இருந்த பங்கையும் ரெனோவே வாங்கிவிட்டது. இப்போது முழு முதலாளி ரெனோ. நிசான் கார்களும் அங்கேயேதான் தயாராகின்றன.