முதுகைக் காட்டும் வித்வான்கள்

‘கெல்டிக் சங்கீதம்’ என்ற பெயரில் விற்கிற இசைத்தட்டுகளின் உறையைப் பார்த்தால், அயர்லாந்து தேசத்தில் மனிதர்களே கிடையாதோ என்று தோன்றும். பனிமூட்டம், பாறை, இடிந்த கோட்டை, காற்றில் கூந்தல் பறக்க நிற்கும் ஒரு பெண் - அவ்வளவுதான். அந்தப் பெண் எங்கே வேலை பார்க்கிறாள், மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்பதெல்லாம் தெரியாது. உள்ளே இருக்கும் சங்கீதமும் பெரும்பாலும் அதே பனிமூட்டந்தான். தூக்கம் வராதவர்களுக்கு நல்ல மருந்து.

பெயரே அவ்வளவு பழசு அல்ல. ஐரிஷ், வெல்ஷ், பிரெட்டன் முதலிய பாஷைகள் ஒரே குடும்பம் என்று எட்வர்ட் லூயிட் என்ற பண்டிதர் 1707-ல் எடுத்துக் காட்டிய பிறகுதான் அந்த ஜனங்களுக்கெல்லாம் ‘கெல்ட்’ என்ற பொதுப் பெயர் நிலைத்தது. அயர்லாந்தில் பிடில் வாசிக்கும் ஒரு விவசாயியிடம் போய், “நீர் வாசிப்பது கெல்டிக் சங்கீதமா?” என்று கேட்டால் மனிதர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அவருக்கு அது எங்கள் ஊர் மெட்டு, அவ்வளவுதான்.

அந்த மெட்டுகளைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஒரு போலீஸ்காரர் என்றால் நம்புவீர்களா? பிரான்சிஸ் ஓநீல் என்று பெயர். கார்க் ஜில்லாவில் 1848-ல் பிறந்தார். வாலிபத்தில் கப்பலேறி, கடல் கடலாகச் சுற்றி, கப்பல் உடைந்து உயிர் தப்பி, கடைசியில் சிகாகோ நகரத்தில் போலீஸ் உத்தியோகத்தில் அமர்ந்தார். 1901-ல் அந்த நகரப் போலீஸுக்கே தலைவரானார். குழல் வாசிப்பார், ஞாபக சக்தி அபாரம், ஆனால் ஸ்வரப்படுத்தி எழுத வராது. அவர் வாசித்துக் காட்ட, ஜேம்ஸ் ஓநீல் என்ற இன்னொரு போலீஸ்காரர் (உறவு ஒன்றுமில்லை, பெயர்ப் பொருத்தந்தான்) உட்கார்ந்து எழுதினார். பிழைக்க வழியின்றி அமெரிக்கா போன ஐரிஷ்காரர்கள் ஆளுக்கு ஒரு ஜில்லாவின் மெட்டை மனத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தார்கள் அல்லவா? தாய்நாட்டில் ஒன்றையொன்று பார்த்தறியாத மெட்டுகள் சிகாகோவில் சந்தித்துக்கொண்டன. 1903-ல் 1850 மெட்டுகளுடன் புஸ்தகம் வெளிவந்தது. திருடனைப் பிடிப்பதைவிட மெட்டைப் பிடிப்பதில்தான் இந்த மனுஷருக்கு அக்கறை என்று சிகாகோவாசிகள் யாராவது முணுமுணுத்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதே கார்க் ஜில்லாவில் மாலோ என்று ஓர் ஊர். அவ்வூர் ஊதாரிகளின் பெயரால் ஒரு துள்ளல் மெட்டு உண்டு. ஓநீல் பிறப்பதற்கு முன்பே அது நம்மிடம் வந்துவிட்டது! கும்பினிக்காரர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் ஸமஸ்கிருத சாகித்தியம் செய்தார்; ‘வந்தே மீனாக்ஷி’ இந்த மெட்டில் அமைந்ததுதான். ஊதாரிகள் மீனாக்ஷியிடம் சரணடைந்துவிட்டார்கள்.

சரி, புஸ்தகத்தில் ஏறிவிட்டால் சங்கீதம் பிழைத்துவிடுமா? ஏட்டில் இருப்பது எலும்பு. வில்லின் குலுக்கலும் விரலின் வெட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான் வரவேண்டும். அந்தப் பக்கத்து இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. அக்கம்பக்கத்தார் வீட்டு அடுப்பங்கரையில் கூடி வாசிப்பதும் ஆடுவதும் அயர்லாந்துக் கிராமங்களில் வழக்கம். பொது நடனத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 1935-ல் சட்டம் வந்தது. அதைச் சாக்காக வைத்துப் பாதிரிமாரும் போலீஸாரும் வீட்டு நடனத்தையும் பல இடங்களில் அடக்கினார்கள். வேலை தேடி லண்டன் போனவர்களுக்கோ வீடு என்பதே ஒரு வாடகை அறை. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு அவர்கள் மதுக்கடை மூலைகளில் கூடி வாசிக்கலானார்கள். ‘ஸெஷன்’ என்ற அந்த வழக்கம் பிறகு தாய்நாட்டிலும் பரவிற்று. ஆயிரம் வருஷத்துச் சம்பிரதாயம் என்று பிரயாணிகள் மெய்ம்மறந்து பார்க்கிறார்களே, அதற்கு எண்பது வயது இருந்தால் அதிகம்!

கிளேர் ஜில்லாவில் மில்டவுன் மால்பே என்ற சிற்றூர். வில்லி கிளான்ஸி என்ற பைக்குழல் வித்வான் 1973-ல் காலமானார். அந்த வருஷம் முதல் அவர் பெயரால் ஜூலை மாதந்தோறும் அங்கே சங்கீதப் பள்ளி நடக்கிறது. அந்தச் சமயத்தில் அங்கே ஒரு மதுக்கடையில் தேநீரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். (மதுக்கடையில் தேநீரா என்று கேட்காதீர்கள், கொடுக்கிறார்கள்.) இரண்டு பிடில், ஒரு மரக்குழல், ஒரு கான்ஸர்டினா, கக்கத்துத் துருத்தியால் காற்றடைத்து வாசிக்கும் பைக்குழல் ஒன்று. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகு. மேடை இல்லை, அறிவிப்பு இல்லை. ஒரு மெட்டை மூன்று சுற்று வாசிப்பார்கள், ஒரு கண்ஜாடை, உடனே அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நாம் ஒட்டுக் கேட்கிறோம். டிக்கெட் வாங்கிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தால் இந்த சுகம் கிடையாது.

வட்டத்துக்கு வெளியே பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி மடியில் பிடிலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். புது மெட்டு ஒன்று கிளம்பிற்று. முதல் சுற்றில் சும்மா கேட்டாள். இரண்டாவதில் அவள் இடது கைவிரல்கள் மட்டும் தந்திமேல் அசைந்தன. மூன்றாவது சுற்றில் வில்லை எடுத்து மெதுவாகச் சேர்ந்துகொண்டாள். முன்னால் இருந்த கிழவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசிப்பை நிறுத்தாமலே நாற்காலியோடு ஒரு சாண் நகர்ந்தார். அந்த இடைவெளியில் எனக்கும் இரண்டு வித்வான்களின் முகம் தெரிந்தது.