உலை வாசலில் சில நிமிடங்கள்

மறுநாள் மகளுக்கு நிச்சயதார்த்தம். என் முன்பல்லுக்கான பீங்கான் உறை, அதாவது 'கேப்', சூளையிலேயே விரிசல் கண்டுவிட்டதாக மருத்துவர் சொன்னார். பொறுக்க முடியாமல் கடலூரிலிருந்து பேருந்தேறிச் சிதம்பரத்தில் அதைச் செய்யும் கூடத்திற்கே போய்விட்டேன்.

பீங்கானுக்குப் பெயர்போன விருத்தாசலம் எங்கள் மாவட்டம்தான். ஆயினும் நக அளவுப் பீங்கான் சுடப்படுவதை அன்றுதான் பார்த்தேன்.

அவர் ஈரமாவு பூசிய உலோக உறையைத் திறந்த உலையின் வாசலில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"உள்ளே வைக்கக் கூடாதா?" என்றேன்.

"நேற்று அப்படித்தான் சார் வைத்தேன்."

நீர் மெல்ல உலராவிட்டால் ஆவியாகிப் பீங்கானைப் பிளந்துவிடுமாம். பிறகு காற்று நீக்கிய உலையில் 900 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு. ஆறும்போது அடுத்த கண்டம். உலோகம் பீங்கானைவிடச் சற்றே கூடுதலாகச் சுருங்கி அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பீங்கான் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. வேறுபாடு மிகுந்தாலும் விரிசல்தான். லூசைட் என்னும் கனிமத்தின் துணையால் இரண்டையும் இணங்கவைத்த முறைக்கு அமெரிக்காவில் வெய்ன்ஸ்டீன் குழுவினர் காப்புரிமை பெற்றது 1962இல்.

"நேற்று ஏன் அவசரப்பட்டீர்கள்?"

"டாக்டர் நாலு முறை போன் செய்தார். பேஷண்ட் விடவில்லையாம்."

அந்த நான்கு முறையும் மருத்துவரை நெருக்கியவன் நான்தான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. வெளியேயிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம்வரை கடிகாரத்தைப் பார்க்கவில்லை.