அஞ்சு ரூபாய் ரப்பர்



முதலாமாண்டில் சேர்ந்த புதிது. கம்ப்யூட்டர் லேபில் எனக்குக் கிடைத்தது மூலையில் இருந்த மெஷின். மௌஸைப் பிடித்தாலே கை நடுங்கும். எதையோ அழுத்தினேன். அடுத்த நொடி திரையில் இருந்த ஐகான்கள் அத்தனையும் மாயம்! வெறும் நீல நிறம்தான் மிச்சம்.

எனக்கு வியர்த்துவிட்டது. அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளியைத் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான். ஒரு கம்ப்யூட்டருக்கு அப்பா எத்தனை மூட்டை தூக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லாமல் நழுவிவிட்டேன். அடுத்த வாரம் லேப் பக்கமே போகவில்லை.

லேப் அண்ணனே ஆள் விட்டுக் கூப்பிட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வெறும் இடத்துல ரைட் கிளிக் பண்ணு. 'வியூ'ன்னு இருக்கா? அதுல 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்', அதுக்கு டிக் போடு" என்றார். போட்டேன். எல்லாம் வந்துவிட்டது!

"ஒண்ணும் தொலையலடா... ஒளிஞ்சுதான் இருந்துச்சு" என்றார் அண்ணன்.

அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். புரோகிராம் உறைந்து நின்றால் உடனே சுவிட்சை அணைக்காதே. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, நின்றுபோன புரோகிராமை மட்டும் முடித்து வை. மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று வந்தால் முதலில் கேபிளை இரண்டு முனையிலும் அழுத்திப் பார். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதினேன்.

அந்த நோட்டுக்கு ஒரு நாள் பரீட்சை வந்தது. தங்கை பத்தாவது முடித்திருந்தாள். பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். அவள் சர்டிபிகேட்டுகளை ஸ்கேன் பண்ணி வைத்திருந்தது, நாங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கிப் பல மாதம் துணி போட்டு மூடி வைத்திருந்த கம்ப்யூட்டரில். சுவிட்ச் போட்டால் 'பீப்... பீப்...' என்று கத்துகிறது, திரை இருட்டு! கடையில் கேட்டால், "போர்டு போயிருக்கும், மூவாயிரம் ஆகும்" என்றார்கள். அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

பிளக்கைப் பிடுங்கினேன். பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சக் கரண்டைப் போக்கினேன். கேபினெட்டின் இரும்பைத் தொட்டு, உடம்பில் இருக்கும் நிலை மின்சாரத்தை இறக்கிவிட்டு, இரண்டு பக்கக் கிளிப்பையும் தள்ளி ரேமைக் கழற்றினேன். அதன் அடியில் தங்க நிறப் பட்டைகள் உண்டு. அழுக்குப் படிந்தால் தொடர்பு விட்டுப்போகும். தங்கையின் பென்சில் ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் துடைத்து, பள்ளம் பார்த்துப் பொருத்தி அழுத்தினேன். 'டக்'!

அப்பா போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே, "பாத்துடா, ஷாக் அடிச்சிடப் போவுது" என்றார்.

திரை வந்தது! ஆனால் விண்ணப்பப் பக்கம் திறக்கவில்லை. 'பாதுகாப்பற்றது' என்று தடுத்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். தேதி பல வருஷம் பின்னால் கிடந்தது. உள்ளே இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோயிருக்கிறது. இணையப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றுக்குக் காலக்கெடு உண்டு. நம் தேதி தப்பென்றால் பிரவுசர் அதை நம்பாது. தேதியைக் கையால் திருத்தினேன். பக்கம் திறந்தது. இரவு பத்தரைக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் புது பேட்டரி போட்டேன்.

அப்பா ரப்பரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன விலைடா?"

"அஞ்சு ரூபாப்பா."

ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மார்க்கெட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்!

நண்பர்களே, எல்லாவற்றையும் நாமே சரிசெய்ய முடியாது. பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஆனால் பயந்து ஒளிவதைவிட, "அண்ணா, என்ன ஆச்சுன்னு தெரியல" என்று கேட்பது மேல். அந்த ஒரு வாரம் ஒளிந்து கிடந்தது ஐகான்கள் மட்டுமல்ல, நானும்தான்.

தங்கை இப்போது முதலாமாண்டு. லேபில் கை நடுங்க நிற்கும் யாரையாவது பார்த்தால் தயவுசெய்து சிரிக்காதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள்.



– இரண்டாமாண்டு மாணவன், மின்னியல் பிரிவு