சைக்கிளுக்குப் பின்னே ஒரு வண்டி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கத்துக்குக் கூடக் காணாது. அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று என்றால் நம்புவீர்களா, நேயர்களே?

ஏழைக் குழந்தைகளின் சிகிச்சைக்கு நிதி திரட்டும் சைக்கிள் பயணம் அது. ஓட்டுகிறவர்களுக்கு வழியெல்லாம் கைதட்டல். பின்னால் உதவி வண்டியில் வந்த எனக்குக் கிடைத்தவை தண்ணீர்க் குடம், காற்றடிக்கும் பம்பு, முதலுதவிப் பெட்டி!

இடப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வந்தது. அதை ரசிக்கத் திரும்பினேன். முன்னே ஒரு கல்லூரிப் பெண் சைக்கிளோடு விழுந்தாள். முழங்காலில் ரத்தம். என் கை நடுங்கியது. எங்களுடன் தொண்டு செய்ய வந்த உள்ளூர் அம்மாள்தான் பதறாமல் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டார்.

"இது எங்க சத்திரப்பட்டித் துணி, தம்பி. முப்பது வருஷம் தறி ஓட்டியிருக்கேன். ஒரு காயத்துக்குக் கட்டி இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணி, நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கடல் கடந்தும் போகிறது.

அந்தப் பெண்ணை வண்டியில் ஏறச் சொன்னோம். அவள் சைக்கிளில்தான் ஏறினாள்.

வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலை, 192 அடிக் கோபுரம் கண்ணில் பட்டதும் முன்னே ஒரே ஆரவாரம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலைகள் தீர்ந்திருந்தன, பால்கோவாதான் மிச்சம். அம்மாள் தம் பங்கையும் அந்தப் பெண்ணின் கையில் வைத்தார்.

அரிவாள்மனையில் விரலை நறுக்கிக்கொண்டு கட்டுப் போடும்போது, சத்திரப்பட்டியை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.