இந்தக் குருவி உண்ண ஆகுமா?

டேவிட் அட்டன்பரோவைத் தொலைக்காட்சியில் பார்க்கும் தெமட்டகொடைப் பிள்ளைகள், "மிருகங்களைப் பார்த்ததற்கா 1985இல் சேர் பட்டம்?" என்று கேட்கிறார்கள்.

எனக்கு நினைவு வருபவர் சாலிம் அலி. பம்பாயில் யதீமாக மாமா வீட்டில் வளர்ந்தவர். சிறுவயதில் தாம் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டைக் கண்டார். இது உண்ண ஆகுமா? மாமாவிடம் கேட்டார். மாமா அதட்டவில்லை (நம்மில் எத்தனை பேர் அதட்டாதிருப்போம்?), பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே மில்லார்ட் என்ற வெள்ளைக்காரர் பறவைகளைப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். அந்தப் பிள்ளைக்குத்தான் 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண்.

சென்ற வாரம் என் மாணவன் ஒருவன், குயில் ஏன் காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது என்றான். "மௌலவியிடம் இதையெல்லாம் கேட்காதே மகன்" என்றார் அவனுடைய உம்மா. கேட்கட்டும், தாத்தா.